இரண்டரை மணி வரை

கப்பல் காலை ஏழு மணிக்கு விழிஞ்ஞம் துறைமுகத்தில் வந்து நின்றதைப் பினு பார்க்கவில்லை. அவன் தண்ணீர் மட்டத்துக்கும் கீழே, லாண்டரியில், நீச்சல்குளத் துவாலைகளை மடித்துக்கொண்டிருந்தான். இரண்டாயிரம் பயணிகள் ஏறும் உல்லாசக் கப்பல் அது. ராத்திரி எட்டு மணிக்கு ஆரம்பிக்கும் வேலை காலை எட்டு மணிக்குத்தான் முடியும். எஞ்சின் அதிர்வு குறைந்ததும் பக்கத்தில் நின்ற பிலிப்பைன்ஸ்காரன், "உன் ஊர் வந்துவிட்டது" என்று ஆங்கிலத்தில் சொன்னான். பினு தலையை ஆட்டிவிட்டு அடுத்த துவாலையை எடுத்தான்.

உண்மையில் அவன் வீடு இன்னும் தள்ளி, வெள்ளறடைக்கு அப்பால், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி இருந்தது. துறைமுகத்திலிருந்து பஸ் மாறி மாறிப் போனால் இரண்டரை மணி நேரம். கரையிறங்க அவனுக்குக் கிடைத்த அனுமதியோ ஒன்பதரையிலிருந்து மதியம் இரண்டரை வரை. போய்ச் சேர்ந்த நிமிஷமே திரும்ப வேண்டியிருக்கும். அதனால் மனைவி பிரிஸில்லாவை நகரத்திலேயே பார்த்துக்கொள்வது என்று போனில் பேசி முடிவு செய்திருந்தார்கள். அவள் திருவனந்தபுரத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஹாஸ்டலில் தங்கி, லீவு நாட்களில் வீட்டுக்குப் போய் வருவாள். எட்டு வயது மகள் ஜெனிஷா, பினுவின் அம்மா எலிசாளிடம் வளர்ந்தாள்.

பிரிஸில்லாவுக்கும் அன்று நைட் டியூட்டி முடிந்திருந்தது. பழவங்காடி பிள்ளையார் கோயிலுக்கு எதிரே பதினோரு மணிக்கு நிற்கிறேன் என்று செய்தி அனுப்பியிருந்தாள். ஏழு மாதம் கழித்து இருவரும் நேரில் பார்க்கப் போகிறார்கள்.

கண்டெய்னர் கப்பல்களுக்காகக் கட்டிய துறைமுகம். பயணிகளை வேன்களில் ஏற்றி முதலில் அனுப்பினார்கள். ஊழியர்களுக்கான வேன் பத்து மணிக்குத்தான் வந்தது. வாசலில் டாக்ஸிக்காரர்கள் கூட்டமாக நின்றார்கள். ஷிஜு என்று பெயர் எழுதிய அட்டையைக் கழுத்தில் மாட்டியிருந்த ஒருவன் பினுவை மறித்தான்.

"சார், சிட்டி டூர்? கோவளம், டெம்பிள், பேலஸ், எல்லாம் காட்டித் தராம்."

"நான் இங்க உள்ளவன்தான் சேட்டா. கிழக்கேகோட்டைக்குப் பஸ் எங்க கிட்டும்?"

ஷிஜுவின் சிரிப்பு மாறியது. "ஸ்டாஃபாணோ? அப்பம் ஜங்ஷன் வரெ நடக்கணும். இவிடெ ஆட்டோக்காரனை அடுப்பிக்கில்லா, உள்ள விடில்லா."

பினு நடந்தான். ஏழு மாதமாக ஆடும் தரையில் நின்ற கால்களுக்கு ஆடாத ரோடு பழகவில்லை. இரண்டு முறை லாரிக்கு ஒதுங்கும்போது ஓடைக்குள் விழப் பார்த்தான். வெயில் முகத்தில் அடித்தது. முன்னே, கப்பலிலிருந்து இறங்கிய வெள்ளைக்காரத் தம்பதி ஒன்று தொப்பியும் தண்ணீர் பாட்டிலுமாக அதே வழியில் நடந்துகொண்டிருந்தது. டூருக்குப் போகாமல் தாங்களாகவே ஊர் பார்க்கப் புறப்பட்டவர்கள். அவர்களுக்கு அவசரமே இல்லை. வழியில் ஒரு பூவரச மரத்தைக்கூட நின்று படம் எடுத்தார்கள். பினு அவர்களைத் தாண்டிப் போனான்.

ஜங்ஷனில் மெடிக்கல் காலேஜ் போர்டு போட்ட பஸ் வந்தது. கிழக்கேகோட்டை வழியாகத்தான் போகும் என்று கண்டக்டர் சொன்னார். ஜன்னலோரம் இடமும் கிடைத்தது. உட்கார்ந்தான். கோவளம் தாண்டியது நினைவிருந்தது. திருவல்லம் பாலம் நினைவில்லை.

"சேட்டா, எழும்பணும். லாஸ்ட் ஸ்டாப்பு."

கண்டக்டர் தோளைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தார். வெளியே பார்த்தான். கடைகளுக்கு நடுவில் ஆம்புலன்ஸ்கள் வரிசையாக நின்றன. மெடிக்கல் காலேஜ். மணி பன்னிரண்டாகப் பத்து நிமிஷம். கிழக்கேகோட்டையைத் தாண்டி முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது.

"கோட்டையில ரெண்டு வட்டம் வந்து விளிச்சு எழுப்பிப் பாத்தேன்" என்றார் கண்டக்டர், வருத்தத்தோடு. "நல்ல ஒறக்கமாயிருந்நு."

பினுவின் இந்திய சிம் ரீசார்ஜ் செய்யாமல் செத்துப் போயிருந்தது. கண்டக்டரே தன் போனைக் கொடுத்தார்.

"பிரிஸி, நான்தான். பஸ்ஸில ஒறங்கிப் போனேன். மெடிக்கல் காலேஜில நிக்கேன்."

மறுமுனையில் வாகன இரைச்சல்.

"அடுத்த பஸ்ஸில வாருங்க" என்றாள் பிரிஸில்லா. "இரிக்காண்டாம். நிண்ணுகிட்டே வாருங்க."

அவன் நின்றுகொண்டேதான் வந்தான். பஸ் உள்ளூரில் நின்றது, பட்டத்தில் நின்றது, பாளையத்தில் கால்மணி நேரம் நின்றது. ஒவ்வொரு சிக்னலிலும் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். பழவங்காடியில் இறங்கியபோது பன்னிரண்டே முக்கால்.

கோயில் எதிரே, சிதறு தேங்காய் விற்கும் கடையின் நிழலில் பிரிஸில்லா நின்றிருந்தாள். மெலிந்திருந்தாள். கையில் துணிப்பை. கண்களுக்குக் கீழே கறுத்திருந்தது. தன் முகமும் அப்படித்தான் இருக்கும் என்று பினு நினைத்துக்கொண்டான். இத்தனை நாள் மனதுக்குள் ஓட்டிப் பார்த்த சந்திப்பு வேறு மாதிரி. இங்கே ஆட்கள் இடித்துக்கொண்டு போனார்கள். தேங்காய் உடையும் சத்தம் நிற்கவே இல்லை.

"ரெண்டு மணிக்கூறா நிக்கேன்" என்றாள்.

"தெரியும் பிள்ளே."

"எதுக்கு இப்பிடிக் கறுத்துப் போனிய? கப்பலுக்குள்ள வெயிலே இல்லைண்ணு சொன்னிய."

"ஒறக்கம் இல்லாத்த கறுப்பு அது."

அவள் அவன் கடிகாரத்தைத் திருப்பி நேரம் பார்த்தாள். இரண்டரைக்குள் கப்பலில் இருக்க வேண்டும் என்றால் ஒரு மணிக்காவது பஸ் ஏற வேண்டும். ஹோட்டலில் இடம் பிடித்து உட்காருவதற்குள் அந்தக் கால்மணி நேரமும் போய்விடும்.

"நானும் துறைமுகத்துக்கு வாறேன்" என்றாள். "பஸ்ஸில ஒரு மணிக்கூறு கிட்டும் அல்லே? அது போதும்."

"நீ ஒறங்காண்டாமா? ராத்திரி திரும்பவும் டியூட்டி இல்லியா?"

"வாருங்க, பஸ்ஸு எடுக்கப் போறான்."

இருவர் உட்காரும் சீட் ஒன்று கிடைத்தது. மணக்காடு தாண்டும் வரை ஜெனிஷாவைப் பற்றிப் பேசினார்கள். முன்பல் விழுந்தது, கணக்குப் பரீட்சை, எலிசாளின் மங்கிவரும் கண், எல்லாம் போனில் ஏற்கனவே பேசியவைதான். பிறகு பினு சொன்னான்.

"அடுத்த மாசம் கான்ட்ராக்ட் முடியுது. வீட்டுக்கு வாறதாத்தான் இருந்தேன். இப்பம் இன்னும் எட்டு மாசம் நிக்கச் சொல்லுதாங்க. சூப்பர்வைசர் ஆக்குவாங்களாம். பகல் டியூட்டி, பிரிஸி."

"எப்பம் பதில் சொல்லணும்?"

"இண்ணைக்கு. பேப்பர் கையில இருக்கு."

அவள் சந்தோஷப்படுவாள் என்று நினைத்திருந்தான். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். திருவல்லத்தில் பஸ் நின்று மறுபடி கிளம்பியது.

"நான் ஒரு காரியம் உங்ககிட்ட மறைச்சு வச்சிருக்கேன்" என்றாள்.

பினு அவள் பக்கம் திரும்பினான்.

"ஜெர்மன் பாஷைப் பரீட்சை திரும்ப எழுதினேன். பாஸாயிட்டேன். அங்க ஒரு ஆஸ்பத்திரியில வேலைக்கு எடுத்தும் ஆச்சு. மார்ச்சில போகணும்."

"பரீட்சையா? எப்பம் எழுதினே? எங்கிட்ட ஒரு வார்த்தை..."

"முதல் வட்டம் தோத்தப்பம் சாரமில்லை, பரவாயில்லைண்ணு சொன்னிய. அதை இன்னொரு வட்டம் கேக்க எனக்குப் பலம் இல்லை. அதான் சொல்லல்லை."

"நைட் டியூட்டி முடிச்சிட்டு எப்பம் படிச்சே?"

"வீட்டுக்குப் போற பஸ்ஸில. நீங்க பஸ்ஸில ஒறங்கினிய, நான் படிச்சேன். அவ்வளவுதான்."

குரலில் குத்தல் இல்லை. பினு முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டான். முதலில் வந்தது கோபம்தான். பகல் டியூட்டிக்காக நாலு வருஷம் ஒவ்வொரு மேலாளரிடமும் கெஞ்சியிருக்கிறான். அது கைக்கு வந்த அன்றே இதைச் சொல்கிறாளே என்று இருந்தது.

"பகல் டியூட்டி எனக்கு எவ்வளவு பெரிய காரியம்ணு உனக்குத் தெரியும் அல்லே?"

"தெரியும். அதுனாலதான் பழவங்காடியிலேயே வாயைத் தொறக்கல்லை. நீங்க முதல்ல சொல்லிட்டிய. இனி மறைச்சு என்ன செய்ய?"

பஸ் கோவளத்தை நெருங்கியது. கேட்க வேண்டிய கேள்வி இருவருக்குமே தெரிந்திருந்தது. கடைசியில் பிரிஸில்லாவே கேட்டாள்.

"ரெண்டு பேரும் இல்லைண்ணா ஜெனிஷாவை யாரு பாப்பா? அம்மைக்குக் கண்ணும் தெரியல்லை. நான் போகல்லைண்ணு சொல்லட்டா? சொன்னா அதோட தீந்துது. ஆனா இந்த நைட் டியூட்டியில நான் இன்னும் பத்து வருஷம் தாங்க மாட்டேன்."

பினு சட்டைப் பையிலிருந்த காகிதத்தைத் தொட்டுப் பார்த்தான்.

விழிஞ்ஞத்தில் இறங்கும்போது மணி இரண்டாக ஐந்து நிமிஷம். ஆட்டோ பிடித்து, எவ்வளவு தூரம் விடுவார்களோ அவ்வளவு தூரம் போனார்கள். மீதியை நடந்து, துறைமுக வாசலுக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு மதில் நிழலில் உட்கார்ந்தார்கள். பிரிஸில்லா பையிலிருந்து பாத்திரத்தை எடுத்தாள். எலிசாள் நேற்று கொடுத்தனுப்பிய அவித்த மரச்சீனிக் கிழங்கும் மீன் குழம்பும். ஹாஸ்டலில் சூடாக்கிக் கொண்டு வந்தது, இப்போது ஆறியிருந்தது. பினு குனிந்து வேகமாகச் சாப்பிட்டான். பாதியில் கை நின்றது.

"நான் வாறேன்" என்றான்.

"எங்க?"

"வீட்டுக்கு. அடுத்த மாசம். நீ போ."

"இப்பம் சொல்லாதீங்க. நல்லா ஒறங்கி எழும்பிச் சொல்லுங்க."

"நான் ஒறங்கி எழும்பினா கப்பல் நடுக்கடலில நிக்கும்."

அவள் அவன் முகத்தையே பார்த்தாள். "எம்மேல கோவமா?"

"இருந்துது, திருவல்லத்தில இருந்து கோவளம் வரை. இப்பம் அதுக்கும் தெம்பு இல்லை." பிறகு, தானே எதிர்பார்க்காத ஒன்றைச் சொன்னான். "பிரிஸி, எனக்கு மதியாச்சு, போதும். பகலானாலும் ராத்திரியானாலும் அந்த ரூமுக்கு ஜன்னல் கிடையாது. யாராவது போதும் வாண்ணு சொன்னா வந்திரலாம்ணு ரொம்ப நாளா இருந்தேன். நீ சொல்லல்லை. ஆனா ஏறக்குறைய சொல்லிட்டே."

பிரிஸில்லா அழுதாள். சத்தம் இல்லாமல், பாத்திரத்தை மூடிக்கொண்டே அழுதாள். பினு குழம்பு படாத கையை அவள் முதுகில் வைத்தான். ஊழியர் வேன் ஹாரன் அடித்தது. டிரைவர் கையைக் காட்டி விரட்டினான். அவள் தண்ணீர் ஊற்ற, அவன் கை கழுவிக்கொண்டு ஓடினான். வாசலில் காவலர் பாஸைப் பார்த்து முடித்தபோது திரும்பிப் பார்த்தான். வேன் மறைத்ததில் அவள் தெரியவில்லை.

இரண்டு இருபத்தாறுக்குக் கப்பலில் ஏறினான். மேலாளரின் அறைக்குப் போய்க் கையெழுத்துப் போடாத காகிதத்தைத் திருப்பிக் கொடுத்தான். ஏன் என்று மேலாளர் கேட்டார். வீட்டில் ஆள் வேண்டும் என்றான். அவர் தோளைக் குலுக்கிவிட்டு அடுத்த பெயரைப் பட்டியலில் தேடினார். பினு தன் படுக்கைக்குப் போய்ச் செருப்பைக் கழற்றாமல் விழுந்தான். கப்பல் கிளம்பியது அவனுக்குத் தெரியாது.

டிசம்பரில் வீட்டுக்கு வந்தான். முதல் இரண்டு நாள் ஜெனிஷா அவனைக் கண்டால் எலிசாளுக்குப் பின்னால் ஒளிந்தாள். மூன்றாம் நாள் சீப்பையும் ரிப்பனையும் கொண்டுவந்து அவன் மடியில் போட்டாள். அவனுக்குப் பின்னத் தெரியவில்லை. அவளே சொல்லிக் கொடுத்தாள், பொறுமையில்லாமல்.

மார்ச்சில் பிரிஸில்லா புறப்பட்ட அன்று, விமான நிலையத்தில், மகளின் இரட்டைப் பின்னலில் ஒன்று மேலேயும் ஒன்று கீழேயுமாக நின்றது. பிரிஸில்லா அதைப் பார்த்தாள். அவிழ்த்துச் சரியாகப் பின்னிவிடக் கை நீட்டினாள். பிறகு என்ன நினைத்தாளோ, ஒரு பின்னலைப் பிடித்து மெதுவாக இழுத்துவிட்டு, பெட்டியைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.