கல்யாணத்துக்கு முன் காய்ந்த புல்

பள்ளிப் பேருந்து ஓட்டும் என் தோழி மார்லிஸுக்கு ஐம்பத்தெட்டு வயதில் கல்யாணம் கூடிவந்தது. மாப்பிள்ளை பெயர் ஆரின்; பக்கத்து ஊரில் கடிகாரம் பழுதுபார்ப்பவர். அக்டோபர் முதல் சனிக்கிழமை, தன் வீட்டுப் பின்புறத்துப் புல்தரையில்தான் மோதிரம் மாற்றுவேன் என்று மார்லிஸ் சொல்லிவிட்டாள். இருபது வருடமாக அவள் கையால் வளர்த்த புல்.

ஆகஸ்ட் பாதியில் அது பழுப்பேறத் தொடங்கியது. முதலில் தட்டு அளவு, ஒரே வாரத்தில் பாய் அளவு. எவ்வளவு தண்ணீர் விட்டாலும் பரவிக்கொண்டே போனது. பக்கத்து வீட்டு வெர்லினை வேலியோரம் கூப்பிட்டாள். நானும் அருகில் இருந்தேன்.

"உங்க நாய் இங்க வந்து மூத்திரம் பெய்யுது வெர்லின். என் புல்லு கருகிப்போச்சு."

வெர்லின் கோல்ஃப் மைதானத்தில் முப்பது வருடம் புல்லைப் பராமரித்து ஓய்வு பெற்றவர். நிதானமாக வந்து பார்த்தார்.

"அதுக்குப் பதினாலு வயசும்மா. படி இறங்கவே நான் தூக்கணும். இவ்வளவு இடத்தையும் கருக்க அது எத்தனை வாளி குடிச்சிருக்கணும்?"

"வேற என்னவாம் அப்போ?"

"நாய் வேலைன்னா ஓரத்துல கரும்பச்சையா வளையம் கட்டும். இங்க அது இல்ல. அந்தக் கறுப்புப் பறவைக் கூட்டம் நாள் பூரா உன் புல்லையே கொத்துதே, சும்மாவா?"

மண்டியிட்டு ஒரு பிடி புல்லை இழுத்தார். கம்பளம் சுருட்டுவதுபோல் தரையே கழன்று வந்தது. வேரே இல்லை. அடியில் வெள்ளை வெள்ளையாகப் புழுக்கள் சுருண்டு கிடந்தன. ஒரு சாண் இடத்தில் பதினேழு.

"வண்டுப் புழு. வேரைத் தின்னுடுச்சு. நீ மேல ஊத்தின தண்ணியை எது குடிக்கும்?"

மார்லிஸ் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். "உங்க நாய்கிட்ட மன்னிப்பு கேக்கணும்."

"கேளு. அதுக்குக் காதும் கேக்காது."

வண்டுப் புழுவுக்குள் புகுந்து கொல்லும் நுண்புழுக்களை வெர்லின் பொட்டலமாக வாங்கி வந்தார்.

"புழுவைக் கொல்ல இன்னும் புழுவா?" என்றாள் மார்லிஸ்.

"முள்ளை முள்ளாலதான் எடுக்கணும். வெயில் பட்டா இதுங்க செத்துடும். பொழுது சாயட்டும்."

அன்று மாலை நீரில் கலந்து தெளித்து, மண் நன்றாக ஊறும்வரை நனைத்தோம். இரண்டு வாரத்தில் தோண்டிப் பார்த்தபோது வண்டுப் புழுக்கள் நிறம் மாறித் துவண்டு கிடந்தன. செத்த புல்லை வாரி எடுத்து, மண்ணைக் கீறி, விதை தூவினோம். ஆரினும் முழங்காலெல்லாம் மண்ணாக வேலை செய்தார். ஏழாம் நாள் காலை மார்லிஸ் இரவு உடையோடு வந்து என் கதவைத் தட்டினாள். "முளைச்சிருச்சு, வா."

கல்யாணத்தன்று புல் விரல் நீளம் வளர்ந்திருந்தது. வெர்லின் வேலிக்கதவில் நின்றுகொண்டார்.

"இளம்புல்லு. குதிகால் உசந்த செருப்பு குத்திக் கிழிச்சுடும். எல்லாரும் கழட்டிட்டு உள்ள போங்க. போதகரும்தான்."

போதகரின் காலுறையில் கட்டைவிரல் எட்டிப்பார்த்தது. அவரே முதலில் சிரித்தார். வந்திருந்த அறுபது பேரும் குளிர்ந்த புல்லில் வெறுங்காலோடு நின்று, அவர்கள் மோதிரம் மாற்றியதைப் பார்த்தோம். பிறகு ஒருவர் ஃபிடில் வாசிக்க, ஆடினோம். பாதம் சில்லிட்டும் யாரும் நிறுத்தவில்லை. விருந்தினர்கள் வேலியோரம் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோதும் மார்லிஸும் ஆரினும் ஆடிக்கொண்டே இருந்தார்கள்.