பெல்டிங் சொன்ன "ஆம்"

1788 ஜனவரியில் பாஸ்டன் மாநாட்டுக்கு ஆசகேல் பெல்டிங்கை அனுப்பியபோது பிரென்ட்ஹில் ஊர்க்கூட்டம் அவரிடம் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: அமெரிக்காவின் புதிய அரசியல் சட்டத்துக்கு "வேண்டாம்" என்று ஓட்டுப் போட வேண்டும். தோல் பதனிடும் ஆசகேலுக்கும் அதே எண்ணம்தான்.

நான்கு வாரம் வாய் திறக்காமல் மரப்பெஞ்சில் உட்கார்ந்து கேட்டார். சட்டத்தை ஏற்றுக்கொண்டு, குடிமக்களின் உரிமைகளையும் அதில் எழுதிச் சேர்க்கக் கேட்போம் என்று பேச்சு வந்த அன்று அவர் மனம் அசைந்தது. பெயரைக் கூப்பிட்டதும் "ஆம்" என்றார்.

பனியில் ஐந்து நாள் குதிரையேறி வீடு சேர்வதற்குள் செய்தி முந்திக்கொண்டது. மனைவி மெகிடபெல் சோள ரொட்டியும் பீன்ஸும் எடுத்துவைத்தாள்.

"பாஸ்டன்காரங்க விருந்து வச்சு உங்கள மயக்கிட்டாங்கன்னு மில்லுக்கார சாதோக் சொல்லிட்டுத் திரியறாரு."

"விருந்தா? நாலு வாரமும் உப்பு மீன்தான்."

"அப்புறம் ஏன் அப்படிப் போட்டீங்க?"

"கேட்டேன், சரின்னு பட்டுச்சு. அதுக்கப்புறம் வேண்டாம்னு சொல்ல வாய் வரல."

"எனக்கு இன்னும் சரின்னு படல," என்றாள் அவள். "ஆறிடும், சாப்பிடுங்க."

மார்ச் மாத ஊர்க்கூட்டத்தில் பொறுப்புகளுக்கு ஆள் தேர்ந்தெடுத்தார்கள். வேலி தாண்டும் பன்றிகளைப் பிடிக்கும் பொறுப்பு, வழக்கமாகப் புதுமாப்பிள்ளைகளைக் கேலி செய்யக் கொடுப்பது. சாதோக் எழுந்தார்.

"நம்ம ஆசகேல் இருக்காரே! பாஸ்டன் வரைக்கும் போய்ப் பழகின காலு."

கூட்டம் சிரித்தது. எல்லாக் கைகளும் உயர்ந்தன. ஐம்பத்திரண்டு வயது ஆசகேலுக்குக் காது சிவந்தது. மெல்ல எழுந்து நின்றார்.

"ஊர் சொன்னா செய்யறேன்."

"போன தடவையும் இதத்தானேய்யா சொன்ன!" என்றார் சாதோக்.

"இந்தத் தடவ பன்னிங்க எந்திரிச்சுப் பேசினாத்தான் மனசு மாறுவேன்."

சாதோக்குக்கே சிரிப்பை அடக்க முடியவில்லை.

ஏப்ரலில் சாதோக்கின் பன்றியே பாதிரியார் தோட்டத்துக்குள் புகுந்தது. ஆசகேல் அதைக் கயிற்றில் கட்டி மில்லுக்கு இழுத்து வந்தார். சாதோக் கயிற்றை வாங்கிக்கொண்டு கேட்டார்.

"ஏய்யா, அந்த உரிமைங்கள நெசமாவே எழுதுவாங்களா?"

"தெரியல சாதோக். எழுதுவாங்கன்னு நம்பித்தான் ஆம்னு சொன்னேன்."

"எழுதலேன்னா?"

"அப்போ நீ சொன்னது சரி, நான் சொன்னது தப்பு. கூட்டத்துலயே ஒத்துக்கறேன்."

சாதோக் உடைந்த பன்றிப்பட்டியின் பலகையை ஒரு முனையில் தூக்கினார். மறுமுனையை ஆசகேல் பிடித்துக்கொண்டார்.

அதன்பின் எந்த மாநாட்டுக்கும் ஊர் அவரை அனுப்பவில்லை. பன்றிப் பொறுப்பு மட்டும் மூன்று வருடம் அவரிடமே இருந்தது.