மைனஸ் இல்லாத குளிர்

ஐஸ்கிரீம் கிடங்கின் மேலாளருக்கு மைனஸ் குறியைக் கண்டாலே ஆகாது. அறிக்கையில் அந்தச் சின்னக் கோடு எங்கே தெரிந்தாலும், தன் வேலையில் யாரோ குறை கண்டுவிட்டது போல முகம் கடுகடுவென்று ஆகிவிடும். குளிர் அறையோ இரவு பகலாக மைனஸ் பதினெட்டில் ஓடிக்கொண்டிருந்தது. பாவம், மனிதர் மணிக்கொரு தடவை அவமானப்பட்டார்.

மணிக்கொரு தடவை அந்த அளவை அவருக்கும் தலைமை அலுவலகத்துக்கும் அனுப்புவது, கணக்கெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றுவதால் எல்லோரும் டேட்டா அக்கா என்று கூப்பிடும் பெண்ணின் வேலை. வயது நாற்பத்திரண்டு. ஆறு வருடமாகத் தற்காலிகம். அவளை நிரந்தரமாக்கும் கடிதம் அச்சாகி, மேலாளரின் இழுப்பறையில் கையெழுத்துக்காகக் கிடந்தது. அவ்வப்போது திறந்து காட்டுவார், மூடுவார். மிட்டாயைக் காட்டி ஏமாற்றுகிறவர்கள்கூட எப்போதாவது ஒன்றைக் கொடுத்துத் தொலைப்பார்கள்.

அந்தக் கடிதத்துக்காகத்தான் அவள் மாலையில் சி என்ற கம்ப்யூட்டர் மொழி வகுப்புக்குப் போனாள். தட்டுத் தடுமாறி, குளிர் அறையின் அளவைத் தானாக எடுத்து அனுப்பும் ஒரு சின்ன ப்ரோகிராமும் எழுதிவிட்டாள். மூன்றாவது வாரம் தனி மதிப்புப் பாடம். எண் பூஜ்யத்துக்குக் கீழே இருந்தால் குறியை மாற்று, இல்லாவிட்டால் சும்மா விடு. இரண்டே வரி. மாஸ்டர் இன்னொன்றையும் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்: எந்த வரி எழுதினாலும், அதை ஏன் எழுதினோம் என்று மேலே ஒரு குறிப்பு எழுத வேண்டும். கம்ப்யூட்டர் அதைப் படிக்காது, மனிதர்கள் படிப்பார்கள்.

மறுநாள் பேச்சுவாக்கில் அவள் இந்தப் பாடத்தை மேலாளரிடம் சொன்னதுதான் வினையாகிப் போனது. மனிதருக்கு வாயெல்லாம் பல். அந்த இரண்டு வரியை உடனே நம் அறிக்கையில் போடு என்றார்.

"சார், அந்தக் கோட்டுலதான் குளிரே இருக்கு. அதை எடுத்துட்டா பதினெட்டுன்னா குளிரா சூடான்னு யாருக்குத் தெரியும்?"

"ஐஸ்கிரீம் கிடங்கு எப்படிம்மா சூடா இருக்கும்?" என்று சிரித்தவர், இழுப்பறையைத் திறந்தார்.

ஒவ்வொரு மாதக் கடைசியிலும் வேலை இருக்குமோ போகுமோ என்று பயந்து பயந்து அக்காவுக்கு அலுத்துப் போயிருந்தது. இரண்டு வரியையும் போட்டாள். மேலே குறிப்பும் எழுதினாள்: 'மேலாளர் சொன்னதால் போட்டது. நான் வேண்டாம் என்றேன்.'

அறிக்கை பளிச்சென்று ஆனது. தலைமை அலுவலகம் பாராட்டியது. கடிதம் மட்டும் இழுப்பறையை விட்டு வெளியே வரவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை குளிரூட்டும் மோட்டார் நின்றுபோனது. உள்ளே சூடு ஏறத் தொடங்கியது. மேலாளரின் போனிலோ பதினெட்டு பன்னிரண்டாகி, ஐந்தாகி, பூஜ்யத்தில் வந்து நின்றது. எண் குறையக் குறையக் குளிர் கூடுகிறது என்று எடுத்துக்கொண்ட மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. இந்தக் கிடங்கின் சரித்திரத்திலேயே இல்லாத குளிர் என்று ஊரெல்லாம் தம்பட்டம் அடித்தார். பூஜ்யம் மறுபடி ஏறித் திங்கள் காலையில் பதினெட்டைத் தொட்டபோது, பழைய நிலைக்கு வந்துவிட்டது என்று நிம்மதியாகக் காபி குடித்தார்.

சாதனையை நேரில் பார்க்கத் தலைமை அலுவலகத்துப் பெரிய அதிகாரியே வந்துவிட்டார். மேலாளர் அவருக்குக் கனத்த கோட்டு, கையுறை, காதை மூடும் குல்லா எல்லாம் தன் கையாலேயே மாட்டிவிட்டார். பிறகு கதவைத் திறந்தார்.

வெள்ளையும் பழுப்பும் இளஞ்சிவப்புமாக ஐஸ்கிரீம் வழிந்து வந்து இருவரின் ஷூவையும் நனைத்தது. கோட்டுக்குள் அதிகாரிக்கு வேர்த்துக் கொட்டியது.

அலுவலக அறைக்கு வந்ததும், எல்லாம் இந்தம்மா எழுதிய ப்ரோகிராம் என்று மேலாளர் விரலை நீட்டினார். அக்கா கம்ப்யூட்டர் திரையைத் திருப்பி வைத்தாள். அதிகாரி அந்தக் குறிப்பை இரண்டு தடவை படித்தார். பேயறைந்தது போல நின்ற மேலாளரை வெளியே அனுப்பிவிட்டு, அவருடைய நாற்காலியில் உட்கார்ந்தார்.

இழுப்பறையைத் திறந்து கடிதத்தை எடுத்தார். பேனாவையும் எடுத்தார். ஆறு வருடத்தில் முதல் தடவையாக அந்தக் காகிதத்தின் மேல் ஒரு பேனா நிற்பதைப் பார்த்து அக்காவுக்குக் கண் கலங்கியது. கடைசியில் ஒரு நியாயமான மனிதர் வந்தாரே என்று நினைத்தாள்.

"மதியத்துக்குள்ள சரக்கு அறிக்கை முதலாளிக்குப் போகணும்," என்றார் அதிகாரி. "உருகிப் போன சரக்கை மைனஸ் நாலாயிரத்து இருநூறு பெட்டின்னு காட்டுது. முதலாளிக்கு மைனஸ் பிடிக்காதும்மா. அந்த ரெண்டு வரியை இதுலயும் போட்டுடு."

பேனா முனை காகிதத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது. அக்கா கடிதத்தைப் பார்த்தாள். அது வேண்டும் என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது. கீபோர்டை இழுத்து வைத்துக்கொண்டாள்.

"போட்டுடறேன் சார். மேல யார் சொன்னாங்கன்னு ஒரு குறிப்பு எழுதணும். உங்க பேரை முழுசா எழுதவா, பதவி மட்டும் போதுமா?"

அதிகாரி அவளையே பார்த்தார். பிறகு பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகினார். கடிதத்தை மடித்து இழுப்பறைக்குள் போட்டுத் தள்ளினார்.

பன்னிரண்டு மணிக்கு மைனஸ் நாலாயிரத்து இருநூறு, கோட்டோடு முதலாளிக்குப் போனது. அனுப்பியவர் என்ற இடத்தில் டேட்டா அக்கா தன் பேரை முழுசாக எழுதியிருந்தாள்.