மெமுனாட்டு அனுப்பிய நல்ல இலைகள்

1

இந்தக் கதை என் வெட்கத்திலிருந்து கிளம்பியது. கானாவின் தமாலே நகருக்கு வெளியே ஓர் ஆய்வகத்தில், தட்டைப்பயறைத் தாக்கும் வைரஸ் எது, எப்படிப் பரவுகிறது என்று கண்டறிவது என் வேலை. முதல் வரியாக இப்படி எழுதினேன்:

வெள்ளை ஈக்கள் வயலிலிருந்து புகையாய் எழுந்தபோது நான்

(நான் அங்கே இல்லை. போயிருந்தால் இந்தக் கதையே இல்லை.)

2

ஆய்வக வண்டிக்கு டீசல் இல்லாத வாரம் அது. நான் சோதிக்க வேண்டிய தட்டைப்பயறு வயல் மெமுனாட்டுவுடையது, அவர் கணவரை இழந்தவர். அந்த ஒரு வயல்தான் அவருக்குச் சோறு. போனில், "கொஞ்சம் இலை பறிச்சு லாரியில குடுத்துவிடுங்கக்கா" என்றேன்.

பெரிய கட்டாக வந்தது. அத்தனையும் இளசு. சோதித்தேன், வைரஸ் இல்லை. "எடுத்து வச்ச உங்க விதையையே அடுத்த மழைக்கும் போடுங்க" என்று சொல்லிவிட்டு, மிச்ச இலையை இந்த ஊர் வழக்கப்படி கீரைபோலக் குழம்பு வைத்து, துவோ என்ற சோளக் களியோடு சாப்பிட்டேன். எனக்கென்று ஒருவர் எதையாவது அனுப்பிப் பல வருடம் ஆகியிருந்தது. அந்தச் சந்தோஷம் கண்ணை மறைத்துவிட்டது.

3

அடுத்த மழைக்கு வயல் முழுக்க வெளிறிய புள்ளி. காய் பிடிக்கவில்லை. அப்போதுதான் நேரில் போனேன்.

"போன வருசம் இப்படி இல்லையேக்கா?"

"இருந்துச்சே. பாதி வயலு இப்படித்தான்."

"அப்ப ஏன் அந்த இலைய அனுப்பல?"

"நல்லா கேட்ட போ. திங்கிற மனுசனுக்கு யாராச்சும் சீக்கு இலையக் குடுத்துவிடுவாங்களா? நீயோ ஒத்தையில ஆக்கித் திங்கிறவன். பொறுக்கிப் பொறுக்கிப் பறிச்சேன் தம்பி."

[அவர் என்னைத் திட்டுவதாக ஒரு வரைவு இருந்தது. எனக்குப் பிடித்தது அதுதான். ஆனால் அவர் திட்டவில்லை. சோதிக்கத்தான் இலை கேட்டேன் என்று நான் போனிலும் சொல்லவில்லை, அன்று நேரிலும் சொல்லவில்லை.]

4

நோய் இலையும், அவர் எடுத்துவைத்திருந்த விதையில் ஒரு பிடியும் கொண்டுவந்தேன். வைரஸ் அகப்பட்டது. வெள்ளை ஈ பரப்புகிறது*, விதையிலும் இருக்கிறது. தொட்டியில் போட்ட பத்தில் மூன்று செடி புள்ளியோடு முளைத்தன.

* சில நிமிடம் சாறு உறிஞ்சினால் போதும், அடுத்த செடிக்குக் கொண்டுபோய்விடும்.

அவர் மிச்ச விதையைப் பானையில் வைத்துக்கொண்டு மழைக்குக் காத்திருக்கிறார். நல்ல விதை ஒரு மூட்டை வாங்கி என் மேசையடியில் வைத்திருக்கிறேன். கொடுத்தால், "போன தடவை நீதானே நல்லதுன்ன?" என்பார். அதற்கு உண்மையைச் சொன்னால், தன் அன்புதான் தன் வயலை அழித்தது என்று அவருக்குத் தெரிந்துவிடும். பிறகு எனக்கு யார் இலை அனுப்புவார்கள்?

முடிவு அ: சொல்கிறேன், அவர்

முடிவு ஆ:

5

மேகம் திரண்டுவிட்டது. போன் அடிக்கிறது, அவர்தான். எனக்கு எடுக்க மனம் வரவில்லை, நீங்கள் எடுங்கள். "அக்கா" என்றால் போதும். விதையைப் பற்றி உடனே கேட்கமாட்டார். சாப்பிட்டாயா என்றுதான் முதலில் கேட்பார்.