அண்ணன் கொடுத்த பிரவுசர்

காலை பத்து மணி மூன்று நிமிடத்துக்கு என் கம்ப்யூட்டரில் ஒரு சிவப்புப் பெட்டி எழுந்து நின்றது. பிரவுசரைத் திறக்க ஒரு தட்டுத் தட்டினேன், அவ்வளவுதான். 'உங்கள் பிரவுசரில் தீங்கான நிரல் இருக்கிறது' என்று ஆன்டிவைரஸ் சொன்னது. கீழே இரண்டு பொத்தான்கள். ஒன்று 'நீக்கு'. இன்னொன்று 'பொருட்படுத்தாதே'.

வருஷம் முழுக்க வாயை மூடிக்கொண்டு கிடந்த சனியன், பேசுவதற்கு இந்த நாளையா பார்த்தது?

நான் அரசு ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். என் கணவருக்கு வேலை, பஸ்ஸில் ஆறு மணி நேரம் தள்ளியிருக்கிற ஊரில். கல்யாணமாகி நாலு வருஷம் ஆகிறது. நாங்கள் குடித்தனம் நடத்தியது ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும். ஒழுங்காக ஒரு சண்டை போடக்கூட நேரம் போதாது. பாதியில் அவருக்கு பஸ்ஸுக்கு நேரமாகிவிடும். மீதியை அடுத்த வாரம் எடுக்கலாமென்றால் எதற்கு ஆரம்பித்தோம் என்பது இரண்டு பேருக்கும் மறந்து போயிருக்கும்.

அவர் ஊர் ஆஸ்பத்திரியில் இந்த வருஷம் என் வேலைக்கு ஒரே ஒரு இடம் காலி. இடமாற்றமெல்லாம் இப்போது இணையத்தில்தான். பணிமூப்புப்படி ஒவ்வொருவருக்கும் இரண்டு மணி நேரம் ஒதுக்குவார்கள். என்னுடையது அன்று பத்திலிருந்து பன்னிரண்டு. உள்ளே போய் ஊரைத் தேர்ந்தெடுத்தால் உத்தரவு உடனே வந்துவிடும், அப்புறம் யாராலும் மாற்ற முடியாது. பன்னிரண்டு அடித்துவிட்டால் முறை அடுத்த ஆளுக்கு. எனக்கு இன்னொரு வருஷம் ஞாயிற்றுக்கிழமை. போனில் அந்தப் பட்டியல் பாதிதான் திறக்கும். போன வாரமே முயன்று பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டேன். ஆஸ்பத்திரிக் கம்ப்யூட்டரில் வெளித்தளம் எதுவும் திறக்காது. அதனால்தான் லீவு போட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்திருந்தேன்.

மாடியில் குடியிருக்கிற அண்ணனைக் கூப்பிட்டேன்.

அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். ஆனால் சொந்தக்காரர்கள் நடுவில் அவன் பெயர் 'டாக்டர்'. யார் வீட்டில் கம்ப்யூட்டர் படுத்தாலும் சட்டைப்பையில் பென்டிரைவோடு போய் நிற்பான். பிரவுசர், பாட்டுக் கேட்க ஒன்று, படம் பார்க்க ஒன்று, ஆன்டிவைரஸ் என்று அதற்குள் சகலமும் இருக்கும். ஒரு பைசா வாங்க மாட்டான். 'டாக்டர், வாங்க' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், வயிறு நிறைந்துவிடும் அவனுக்கு.

அன்று அவனுக்கு வார விடுமுறை. கீழே இறங்கி வந்து, பெட்டியை ஏற இறங்கப் பார்த்தான்.

"பொய்," என்றான்.

"எப்படித் தெரியும்?"

"நேத்து வரைக்கும் நல்லா இருந்த பிரவுசர் இன்னைக்குக் கெட்டுப் போயிடுமா? இங்க பாரு, ஆன்டிவைரஸ் இன்னைக்குக் காலைல எட்டு பத்துக்கு அப்டேட் ஆயிருக்கு. மாறினது அதுதான், பிரவுசர் இல்ல. புதுசா வந்த வாட்ச்மேன் வீட்டுக்காரனையே நிறுத்தி யாரு நீன்னு கேக்கறான். அதுக்காக வீட்டுக்காரன் திருடனா?"

நியாயமாகத்தான் பட்டது. எங்கள் கூடத்திலும் இது உண்டு. புது சோதனை மருந்துப் பெட்டி பிரித்த அன்றைக்கு, விசில் அடித்துக்கொண்டு நடந்து வருகிறவருக்கெல்லாம் நோய் இருப்பதாகக் காட்டும். அதற்காக யாரையும் பிடித்துக் கட்டிலில் போட மாட்டோம், திரும்பச் சோதிப்போம்.

"எதுக்கும் இன்னொரு எடத்துல சோதிச்சுப் பாத்துடலாம்," என்றேன். "தப்பான ஆளு கைல என் பாஸ்வேர்டு போச்சுன்னா, ஏதாவது ஒரு மூலைல இருக்கற ஊரைத் தட்டி விட்டுடுவான். அப்புறம் ஆயுசுக்கும் அங்கதான்."

"அவ்வளவுதானே," என்றவன் மாடிப்படியைப் பார்த்துக் குரல் கொடுத்தான். அண்ணி பாடப்புத்தகங்களுக்குப் படம் வரைகிறவர். காலையிலிருந்தே கம்ப்யூட்டர் முன்னால்தான் இருப்பார். பாதிப்படி இறங்கி நின்று கேட்டுவிட்டு, "எனக்கும் வந்துச்சே. செகப்பா. நான் ஏதோ விளம்பரம்னு மூடிட்டேன்," என்றார்.

"ரெண்டு," என்று அண்ணன் விரலை நீட்டினான்.

அதே நேரத்தில் என் கணவரே போன் செய்தார், முடிந்துவிட்டதா என்று கேட்க. மணி பத்து நாற்பது. நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணன் போனைப் பிடுங்கி ஸ்பீக்கரில் போட்டான்.

"மாப்பிள்ளை, உங்க லேப்டாப்ல பிரவுசரைத் திறங்க. என்ன வருது?"

விசைகளைத் தட்டும் சத்தம் வந்தது. பிறகு, "மச்சான், செகப்பா ஒரு பெட்டி வருதே," என்று கேட்டது.

அண்ணன் அவரை விடவில்லை. பெட்டியில் எழுதியிருந்த அந்தக் கிருமியின் நீளப் பெயரை ஒவ்வொரு எழுத்தாகப் படிக்கச் சொன்னான். என் திரையில் இருந்ததும் அதேதான். பரீட்சையில் முதலாவதாக வந்தவன் போல முகமெல்லாம் பல்.

"மூணு. அதுவும் ஆறு மணி நேரம் தள்ளி இருக்கற ஊரு. வேற வீடு, வேற லைன், வேற கரண்ட். மூணு எடத்துலயும் ஒரே நாள்ல ஒரே வியாதி வருமா? ஆன்டிவைரஸுக்குத்தான் கிறுக்குப் பிடிச்சிருக்கு. நீ தட்டு."

"மச்சான் சொல்றது சரின்னுதான் தோணுது," என்றார் கணவர். "நேரம் போகுதும்மா."

எனக்கும் கை பரபரத்தது. 'பொருட்படுத்தாதே'யின் மேல் அம்புக்குறியைக் கொண்டுபோய் வைத்துவிட்டேன். ஆனால் ஒன்பது வருஷப் பழக்கம் அவ்வளவு லேசில் விடாது. எங்கள் மேஜைக்கு மூன்று குழாய் வந்தால் நான் ரத்தத்தைப் பார்ப்பதற்கு முன்னால் மேலே ஒட்டியிருக்கிற சீட்டைப் பார்ப்பேன். யாருடையது, எங்கே எடுத்தது என்று. இந்த மூன்றுக்கும் நான் இன்னும் சீட்டைப் பார்க்கவில்லை.

"அப்புறம் பேசறேன்," என்று கணவரிடம் சொல்லி போனை வைத்தேன்.

"அண்ணா, அண்ணியோட பிரவுசர் யாரு போட்டது?"

"நான்தான்."

"இது?"

"இதுவும் நான்தான். ஏன் கேக்கற?"

"அவரோடது?"

"போன மாசம் வந்தப்ப லேப்டாப் மெதுவா ஓடுதுன்னு மாப்பிள்ளைதான் கொண்டு வந்து குடுத்தாரு. நான்தான்…"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "ஒரே ஆளு கைல ஊசி குத்தி எடுத்த ரத்தத்தை மூணு குழாய்ல ஊத்தி வெச்சுட்டு, மூணு பேருக்கும் ஒரே மாதிரி இருக்கு பாருன்னு குதிக்கற. மூணு பேரு எங்க இருக்காங்க? இருக்கறது ஒரே ஆளு. அவன் உன் சட்டைப்பைல இருக்கான்."

அண்ணனின் கை தானாகப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டது.

"அந்தப் பிரவுசரை எங்கேருந்து எடுத்த?"

"ஒரு சைட்ல இருந்துச்சு. விளம்பரமே வராத பிரவுசர்னு போட்டிருந்தான். நம்ம ஆளுங்களுக்கெல்லாம் உதவியா இருக்குமேன்னு…"

"கம்பெனி சைட்டா?"

அவன் மின்விசிறியைப் பார்த்தான். அண்ணி என்னைப் பார்த்தார். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். பதினொன்று ஐந்து.

"இதெல்லாம் சந்தேகம்தானே," என்றான் அண்ணன். குரல் இறங்கியிருந்தது. "பொய்யாவும் இருக்கலாமே?"

இருக்கலாம்தான். அதை நான் மறுக்கவில்லை. தீர்த்துப் பார்க்க ஒரே வழி, நம் ரத்தம் கலக்காத ஆள் ஒருவர் வேண்டும். அதே ஆன்டிவைரஸ், அதே பிரவுசர், ஆனால் பென்டிரைவ் தொடாத கம்ப்யூட்டர். ஆன்டிவைரஸுக்குத்தான் கிறுக்கு என்றால் அங்கேயும் கத்த வேண்டும். ஆனால் தெரிந்தவர்கள் யார் வீட்டை நினைத்தாலும் அங்கே அண்ணன் ஏற்கெனவே போயிருந்தான். உதவி செய்கிறேன் பேர்வழி என்று ஒரு வீட்டையும் விட்டுவைக்கவில்லை பாவி.

மிச்சமிருந்தது தெருமுனை மருந்துக்கடைக்காரர் மட்டும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அண்ணன் தானாகப் போய்ப் பென்டிரைவை நீட்டியபோது, "வேணாங்க, நான் கம்பெனி சைட்லேயே எடுத்துக்கறேன்," என்று சொல்லிவிட்ட மனிதர். அன்றிலிருந்து அண்ணன் தலைவலி மாத்திரைக்குக்கூட இரண்டு தெரு சுற்றிப் போவான்.

"அந்த ஆளுகிட்டயா?" என்றான்.

"அந்த ஆளுகிட்டதான்."

"நீ போ. நான் வரல."

நான் செருப்பை மாட்டித் தெருவில் இறங்கிப் பத்தடி நடந்திருப்பேன். பின்னால் அவன் செருப்புச் சத்தம் கேட்டது.

கடையில் இரண்டு பேர் மருந்துச்சீட்டோடு நின்றார்கள். அண்ணன் உள்ளே வராமல், கண்ணாடிக் கதவில் ஒட்டியிருந்த தடுப்பூசி அட்டவணையைக் கைக்குழந்தை வைத்திருப்பவன் மாதிரி கவனமாகப் படித்துக்கொண்டு நின்றான். நான் வெட்கத்தைப் பார்க்கவில்லை. விஷயத்தை நாலு வரியில் சொல்லி, உங்கள் கம்ப்யூட்டரில் என்ன ஆன்டிவைரஸ் என்று கேட்டேன். கடைக்காரர் திரையை என் பக்கம் திருப்பினார். அதே ஆன்டிவைரஸ். காலை எட்டு பத்துக்கே அப்டேட் ஆகியிருந்தது. பிரவுசரும் அதே பிரவுசர். சிவப்புப் பெட்டி இல்லை.

"பதிப்பு எண் ஒண்ணுதானான்னு பாத்துக்கறேன்," என்று ஒரு குரல் என் தோளுக்குப் பின்னால் கேட்டது. அண்ணன் எப்போது உள்ளே வந்தான் என்று தெரியாது. என் திரையை போனில் படம் பிடித்து வைத்திருந்தான். எண்ணை ஒன்றுக்கு இரண்டு தடவை ஒப்பிட்டுப் பார்த்தான். "ஒண்ணுதான்," என்றான். பிறகு கடைக்காரரின் முகத்தைப் பார்க்காமல், "பிரவுசரை மட்டும் ஒருதடவை ஸ்கேன் பண்ணிப் பாக்கலாமா?" என்று கேட்டான்.

"தாராளமா."

இரண்டு நிமிஷம் ஓடியது. பச்சையாக ஒரு குறி வந்து நின்றது. எதுவும் இல்லையாம்.

அண்ணன் அந்தப் பச்சையையே பார்த்துக்கொண்டிருந்தான். "அப்போ நம்ம வீட்ல வந்தது உண்மைதான்," என்றான்.

கடைக்காரர் ஒரு சிரிப்புச் சிரித்திருக்கலாம். நானாக இருந்தால் கட்டாயம் சிரித்திருப்பேன். அவர் தன் முக்காலியை எனக்கு இழுத்துப் போட்டு, "உக்காருங்கம்மா, மணி பதினொண்ணு முப்பது ஆச்சு," என்று மட்டும் சொன்னார்.

இடமாற்றத் தளத்துக்குள் நுழைந்ததும் மேலே பொடி எழுத்தில் ஒரு வரி இருந்தது. கடைசியாக உள்ளே வந்தது நேற்று மதியம் மூன்று பத்து. நேற்று மூன்று பத்துக்கு நான் கையில் உறை மாட்டிக்கொண்டு நாற்பது குழாய்களுக்கு நடுவில் நின்றிருந்தேன். போன வாரம் போனில் சரியாகத் திறக்காதபோது அந்தப் பிரவுசரில்தான் பாஸ்வேர்டைப் போட்டுப் பார்த்தேன், அதுவும் பத்திரமாக வைத்திருந்து அனுப்ப வேண்டிய இடத்துக்கு அனுப்பியிருக்கிறது. நல்ல வேளை, நேற்று வந்தவனால் எதையும் தொட்டிருக்க முடியாது, என் நேரம் இன்று பத்துக்குத்தான் திறந்தது. இன்று அவன் இன்னும் வரவில்லை. நிதானமான திருடன், நன்றாக இருக்கட்டும்.

முதலில் பாஸ்வேர்டை மாற்றினேன். பிறகு பட்டியலைத் திறந்தேன். அவர் ஊர் இருந்தது. இடம் ஒன்று. தட்டினேன். உறுதியா என்று கேட்டது. நாலு வருஷமாக உறுதி என்று சொல்ல இடமில்லாததால் 'ஆம்' மட்டும் தட்டினேன். உத்தரவு வந்தது. கடைக்காரர் பில் அடிக்கிற பிரிண்டரில் அதை எடுத்துக் கொடுத்தார். காகிதம் சூடாக இருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது, அதை நான் மறைக்கவும் இல்லை.

திரும்பிப் பார்த்தால் அண்ணனைக் காணோம். கடைப்படியில் உட்கார்ந்து போனில் பேசிக்கொண்டிருந்தான். கோபித்துக்கொண்டு போயிருப்பான் என்று நினைத்தேன், இல்லை.

"மாப்பிள்ளை, நான் குடுத்ததுலதான் கோளாறு. அந்த லேப்டாப்பைத் தொடாதீங்க. வேற எடத்துலேருந்து பாஸ்வேர்டெல்லாம் மாத்திடுங்க. ஆமா, என் தப்புதான்." கொஞ்சம் நிறுத்தினான். "அப்புறம், அவளுக்குக் கெடச்சிருச்சு மாப்பிள்ளை. உங்க ஊருக்கே வர்றா."

நாலு வருஷமாகக் குளிக்கும்போதெல்லாம் ஒத்திகை பார்த்து வைத்திருந்த வாக்கியம் அது. எப்படி ஆரம்பிப்பது, எங்கே நிறுத்தி அவரைத் தவிக்க விடுவது என்று எல்லாம் தயார். இவன் ஒரே மூச்சில் போட்டு உடைத்துவிட்டான்.

"அதை நான்தானே சொல்லணும். உனக்கு என்ன அவசரம்?" என்று கத்தினேன்.

அவன் போனைக் கையால் பொத்திக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தான். கண் சிவந்திருந்தது.

"தப்பை மட்டும் சொல்லிட்டு வெக்க முடியல," என்றான். "கூடவே நல்லதா ஒண்ணு சொல்லணும்போல இருந்துச்சு. இன்னும் முப்பத்தெட்டு வீட்ல நான் போட்ட இதே பிரவுசர் இருக்கு. அவங்களுக்குச் சொல்ல எங்கிட்ட நல்லது எதுவும் இல்ல."

நான் படியில் அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். போனை வாங்கி அவரிடம், "ஆமாங்க, வர்றேன்," என்று மட்டும் சொல்லிவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன்.

"அவங்களுக்கும் இந்த நல்லதையே சொல்லு," என்றேன்.

அவன் அடுத்த எண்ணைத் தட்டினான். அன்று சாயங்காலத்துக்குள் எனக்கு இடமாற்றம் கிடைத்த செய்தி, என்னை ஒருதடவைகூடப் பார்த்திராதவர்கள் உட்பட முப்பத்தெட்டு வீட்டுக்கும் தெரிந்துவிட்டது. எல்லாரும் முதலில் அவனைத் திட்டிவிட்டு, பிறகு என்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார்கள்.