இடறும் நாலாவது அடி

இருபத்தைந்து வருடக் குடித்தனத்தில் பஸ் டிரைவர் தன் மனைவிக்குக் கவிதை எழுதியது அதுதான் முதல் தடவை. திருமண நாளன்று காலைச் சாப்பாட்டின்போது ஒரு தாளை நீட்டினார். அவள் தமிழாசிரியை, கை சும்மா இருக்குமா? சிவப்புப் பேனாவை எடுத்தாள்.

வாசல் கதவில் சாவி குலுங்கும்
வாசம் முந்தி அறையில் நுழையும்
பேசும் குரலில் வீடு விழிக்கும்
கூசும் விரலைப் பிடித்துக்கொள் கொஞ்சம்

"திருத்தவா குடுத்தேன், டீச்சர்?"

"பழக்க தோஷம்" என்றபடி சீர்களுக்கு நடுவே கோடு போட்டாள். "எதுகை பரவாயில்லையே. வாசல், வாசம், பேசும், கூசும். சீரெல்லாம் ரெண்டு ரெண்டு அசையா ஒழுங்காப் போகுது. நாலாவது அடிதான் இடறுது. 'பிடித்துக்கொள்'ல மூணு அசை. 'பிடிப்பாய்'னு போட்டா சரியாயிடும்."

"அது அப்படியே இருக்கட்டும்."

அவர் குரல் என்னவோ போலிருந்தது. அவள் வாய்விட்டுப் படித்தாள். முதல் மூன்று அடிகளும் 'உம்', 'உம்' என்று தெம்பாக முடிந்தன. நாலாவது கெஞ்சியது. இந்தப் பாட்டின் உணர்ச்சி என்ன என்ற கேள்விக்கு 'மகிழ்ச்சி' என்று விடை எழுதும் பிள்ளைக்கு அவள் மார்க் போட மாட்டாள். சாவிச் சத்தம், வாசம், குரல், விரல். மனைவியைப் பற்றிய பாட்டில் அவள் முகத்தையே காணோம். கண்ணால் பார்த்தது ஒன்றுகூட இல்லை.

"ஏங்க, கண்ணுக்கு என்ன?"

அவர் தட்டைத் தள்ளி வைத்தார். "ஓரத்துல இருக்கறது தெரியல. நரம்பு கெட்டுக்கிட்டு வருதாம். போன பார்வை வராது, மருந்து போட்டா மிச்சம் தங்கும்னு டாக்டர் சொன்னாரு. அன்னிக்கே லீவு போட்டுட்டேன். பத்து நாளாச்சு. உங்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

பத்து நாளும் அவர் வேலைக்குத்தான் போகிறார் என்று நம்பி அவள் டப்பாவில் சாப்பாடு கட்டிக் கொடுத்து அனுப்பியிருக்கிறாள். கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் அவர் தலை குனிந்திருந்தார். அவள் பேனாவை மூடிவிட்டு, பள்ளிக்கு போன் செய்து லீவு சொன்னாள்.

அன்றே இருவரும் கண் மருத்துவமனைக்குப் போனார்கள். மறுநாள் டிப்போ மேலாளரைப் பார்த்தார்கள். இனி ஸ்டியரிங் கிடையாது என்று ஆயிற்று. பஸ்கள் கிளம்பும் நேரத்தைக் குறிக்கும் அறையில் வேலை கொடுத்தார்கள். ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தவர், அடுத்த வாரமே தாமதமாகக் கிளம்பும் டிரைவர்களைப் பிடி பிடியென்று பிடிக்கத் தொடங்கிவிட்டார்.

சொட்டு மருந்து மட்டும் அவருக்குக் கைவரவில்லை. காலையும் மாலையும் நாற்காலியில் அண்ணாந்து உட்காருவார். "கண்ணைச் சிமிட்டாதீங்க" என்று அதட்டியபடி அவள் விடுவாள்.