வெள்ளைக் கோடுகளைச் சுற்றி

சுகுமாரனைக் குளிப்பாட்டிப் பெட்டியில் கிடத்தியபோது அண்ணன் சன்னாசி இருந்தார், மனைவி புஷ்பலதா இருந்தாள், அவள் தம்பி சீனி இருந்தான், சுகுமாரனிடம் ஹாக்கி பழகிய பெண்பிள்ளைகள் எல்லாரும் அணிச் சட்டையோடு இருந்தார்கள். ரப்பர்த் தோட்டத்தை மூடியதும் ஜெலாப்பாங்குக்குக் குடிவந்த குடும்பத்தில் இது முதல் சாவு. யாரும் ஒரு குறை சொல்லிவிடக் கூடாது என்று சன்னாசி வேட்டியை இறுக்கிக் கட்டியிருந்தார்.

மழை விட்டிருந்தது. சுண்ணாம்பு மலைகள் பனியில் மிதந்தன. பந்தலுக்குள் பேச்சுச் சத்தம் தண்ணீருக்கு அடியிலிருந்து வருவதுபோல் கேட்டது.

சீனி ஓடி வந்தான். "அண்ணே, முன்னால வந்து பாருங்க. சாவு வீட்டுல கோலம் போடுதுங்க லா!"

பந்தலடியில் காய்ந்த சிமெண்டுத் தரையில் பிள்ளைகள் குந்தியிருந்தார்கள். வெள்ளை வட்டங்கள், வளைகோடுகள். சாவுக்கு வந்திருந்த ஊர்ச் சங்கத்து ஆட்கள் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள்.

"யாரு குடுத்த தைரியம் இது? அழிங்க!" என்று கத்தினார் சன்னாசி.

அணித்தலைவி தினேஸ்வரி எழுந்தாள். "கோலமில்ல அங்கிள். ஆடுற பாடாங்குல கோடு போடுற சுண்ணாம்பு. நாளைக்கு மேட்ச். கோச் நேத்து பாதி ஆட்டம்தான் போட்டுக் காட்டுனாரு. அப்பதான் விழுந்துட்டாரு."

"அதுக்கு இங்கயா?"

"அவரு முன்னாலதான் போடணும் அங்கிள். போட்டுக்கிட்டே வாயால சொல்லணும். சொல்லத் தெரியாதவ ஓடாதன்னு ஏசுவாரு. அவரை எடுத்துட்டா யாருகிட்ட சொல்றது?"

சன்னாசி பெட்டியைப் பார்த்தார். சங்கத்து ஆட்களைப் பார்த்தார்.

"சொல்லு."

அவள் குனிந்தாள். "கோட்டுலருந்து சிவாஜினி தள்ளுவா. நான் நிறுத்துவேன். நான்தான் அடிப்பேன்னு எதிர் டீம் எல்லாம் என் மேல பாயும்..."

ஒவ்வொருத்தியும் தன் கோட்டை இழுத்து, தன் பங்கைச் சொன்னாள். பார்க்கப் பார்க்கக் கோடுகள் தரையை விட்டு எழுந்து மெல்ல ஓடுவதுபோல் இருந்தது. சுகுமாரன் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டு கிடந்தான். கடைசிப் பெண் வலப்பக்கம் இழுத்தாள்.

"ஐயோ, இடது லா! மூள எங்க?" தினேஸ்வரி கோச் மாதிரியே ஏசினாள்.

புஷ்பலதா முந்தானைக்குள் சிரித்துவிட்டாள். பிறகு அழுதாள்.

பெட்டியைத் தூக்கினார்கள். வெளியே போகும் வழி நேராக அந்த வட்டங்களின் மேல்தான்.

"சுத்திப் போங்க," என்றார் சன்னாசி.

"இடமில்லண்ணே. பூச்சட்டி இருக்கு," என்றான் சீனி.

"சட்டியத் தள்ளு."

தூக்கியவர்கள் வேலியோரமாக, உடம்பை ஒருக்களித்து, ஒரு கோட்டையும் மிதிக்காமல் போனார்கள். அவர்கள் தலைகளுக்கு மேல் பெட்டி மிதந்து போயிற்று.

சன்னாசி குடும்பம் சாவுக்குக் கோலம் போட்டது என்று லகாட் ஊர் வரைக்கும் பேச்சு. கருமாதிப் பந்தியில் அவர் எல்லார் முன்னும் எழுந்து நின்றார்.

"கோலமில்ல. தம்பி சொல்லிக்குடுத்த ஆட்டம். பிள்ளைங்க ஒப்பிச்சாங்க."

உட்கார்ந்து, இலையை நேராக்கிக்கொண்டார்.